மந்திரியும் ஒரு 'யை'யும்

தமிழ்ப்ரியா கண்ணு,

அப்பா ஏழு மணி பஸ்ஸுக்குச் சாமராஜநகர் போறேன். பெருசு பெருசா எழுதியிருக்கேன், எழுத்துக்கூட்டிப் படி. இட்லி டப்பாவுல இருக்கு.

நம்ம சேவல் மந்திரியைப் பத்தி நீ எழுதின கதையை நேத்துக் கிழிச்சுட்டேன். அது பள்ளிக்கூடத்துல கூவினதும், மணி அடிச்சுதுன்னு வாத்தியார் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பின இடத்துல சிரிச்சேன். கடைசியில "மந்திரியை நாம சாகணும்"னு இருந்துச்சு. உசுரோட இருக்கறதைச் சாகணும்னு எழுதறியான்னு கத்திட்டேன். அதே கோபத்துல உமேஷ் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, சேவலை அறுத்துக்கன்னும் சொல்லிட்டேன்.

காலையில அந்தப் பக்கத்தைச் சோத்துப் பருக்கை வெச்சு ஒட்டறப்பதான் புரிஞ்சுது. கன்னடத்துல 'சாகு'ன்னா வளர்க்கறது. தினம் நானே பேசற வார்த்தை. தமிழ் எழுத்துல பாத்ததும் புத்திக்கு எட்டலை.

சித்தப்பா போன் எடுக்கலை. பத்து மணிக்குக் கூடையோட வருவாரு. அப்பா வேண்டாம்னுட்டாருன்னு சொல்லு. இந்தச் சீட்டைக் காட்டாதே, கடைசி வரியைப் பாத்தா அவரும் தப்பா எடுத்துக்குவாரு.

மந்திரிக்குக் கொஞ்சம் ராகி போடு.

இன்னொண்ணு. நீ 'மந்திரியை'ன்னு சரியாத்தான் எழுதியிருந்தே. செத்துப் போறதுன்னா 'மந்திரி சாகணும்'னுதானே வரும்; அந்த 'யை'யைப் பாக்காம விட்டது நான்தான்.

மந்திரியை நாம சாகணும்.

அப்பா