அடிப்படைத் தொகுப்பில் ஒரு குரல்

அன்புள்ள பி-சியா,

கூட்டத்தில் இப்படித்தான் நடக்கும் என்று நான் புறப்படும்போதே சொன்னேனே! முழங்கால் வலி குறைந்ததா?

நம் கணினிகளை இயக்கும் லினக்ஸின் அடிப்படைத் தொகுப்பில் எந்தெந்த நிரல்கள் இருக்கலாம் என்று நேற்று தைபேயில் கூட்டம்; பயன்படுத்துவோர் சார்பில் என்னையும் அழைத்திருந்தார்கள். உன் பார்வை போனபின் உனக்கு என் கடிதங்களை வாசித்துக் காட்டுகிறதே, அந்த நிரலைத்தான் தூக்கப் பார்த்தார்கள்.

"இடத்த அடைக்குது அண்ணே. வேணுங்கறவங்க அப்புறமா இறக்கிக்கட்டும்" என்றாள் தலைவி யா-டிங்.

நான் அவள் கணினித் திரையை அணைத்தேன். "இப்ப இறக்கிக் காட்டும்மா, பாப்போம்!"

எட்டாவது தாண்டாத என் முன்னால், நாற்பது பொறியாளர்கள் பார்க்க, அவள் இருண்ட திரையில் சுட்டியைத் தேடினாள். நிரல் தங்கிவிட்டது.

காய்ந்த முள்ளங்கி அனுப்பு. தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்குவதில்லை, தூக்கமும் இல்லை.

பேருந்து வந்துவிட்டது. நிரல் தங்கிவிட்டது என்றது மட்டும் என் கைச்சரக்கு. முடிவு திங்கட்கிழமைதான். நிரல் தங்கியது என்று நான் மறுபடி எழுதும்வரை உன் கணினியில் எதையும் புதுப்பித்துவிடாதே.

ஜின்-ஷுய்