முன்சக்கரத்தில் ஒரு கோடு

மார்ச் 3, செவ்வாய்

முன்சக்கரத்தின் நடுவில் உள்ள அலுமினிய ஹப்பில், ஸ்போக்ஸ் கம்பி மாட்டும் இரண்டு துளைகளுக்கு நடுவே, ஒரு முடி ஒட்டியிருந்தது. ஊதினேன், போகவில்லை. துணியால் துடைத்தேன், போனது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அதே இடத்தில் அதே முடி.

முடி இல்லை. கோடு.

மூன்று நாளாக இந்த வண்டியோடுதான் இருக்கிறேன். அத்தான் பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கிச் சரிசெய்து விற்கிறார். அதில் பெயிண்ட் படாத அலுமினியம் எல்லாம் என் பொறுப்பு. சோப்புத் தண்ணீர், அப்புறம் நனைத்த உப்புத்தாள், அப்புறம் பாலிஷ் பசை. தேய்க்கத் தேய்க்கத் துணி கறுக்கும், அலுமினியம் வெளுக்கும். கடைசியாக அக்காவின் முகப்பவுடரைத் தூவித் துடைத்தால் பிசுக்கும் போய்விடும். “எனக்குப் பூசறதவிட வண்டிக்குத்தாண்டி அதிகமா பூசற” என்கிறாள்.

எல்லா இடமும் வெளுத்துவிட்டது. அந்தக் கோடு மட்டும் கறுப்பைக் கக்கிக்கொண்டே இருக்கிறது.

மார்ச் 4, புதன்

நான்தான் கீறிவிட்டேனோ? முதல் நாள் கம்பி பிரஷ் போட்டேன். ஆனால் பிரஷ் கீறினால் பத்துக் கோடு பக்கத்தில் பக்கத்தில் விழும். இது ஒற்றைக் கோடு.

அத்தானிடம் சொன்னேன். சொன்னேன் என்றால், அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். குனிந்து பார்த்தார். “அது வார்ப்புக் கோடு. அலுமினியத்த அச்சுல ஊத்தும்போதே வர்றது. வாயத் தொறக்க மாட்ட, கண்ணு மட்டும் பூதக்கண்ணாடி!”

வார்ப்புக் கோடாம். சரி. விட்டுவிடலாம்.

மார்ச் 5, வியாழன்

விட முடியவில்லை. காலையில் ஷெட்டில் நிற்கும் மற்ற ஐந்து வண்டிகளின் ஹப்பையும் தடவிப் பார்த்தேன். வார்ப்புக் கோடு மேடாக, நேராக ஓடுகிறது. இது வளைந்து பள்ளமாக இருக்கிறது. நகத்தை ஓட்டினால் சிக்குகிறது. விரிசல்; ஓடும்போது பிளந்தால் சக்கரமே போய்விடும்.

சாயங்காலம் வண்டி பார்க்க ஒரு பெண் வந்தார். வீடு வீடாகப் பார்சல் கொடுப்பவர்; எனக்குப் பார்சல் அக்கா. சக்கரத்தருகே உட்கார்ந்து, “யாருங்க இத மினுக்கினது? இதுல பாத்துத் தலையே சீவிக்கலாம் போல” என்றார்.

“எங்க வீட்டு ஊமைக்கோட்டான்தான்,” என்று அத்தான் என்னைக் காட்டினார்.

நான் சிரித்தேன். சிரித்தேன்! சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறாராம்.

மார்ச் 6, வெள்ளி

அக்காவிடம் சொன்னேன். “ரெண்டு மாசமா விக்காம நிக்குற வண்டிடி. உங்க அத்தான் என்ன பொய் சொல்ற ஆளா?”

இல்லை. அதுதான் கஷ்டம். அவருக்கு அது வார்ப்புக் கோடாக இருந்தாக வேண்டும்.

“படிப்பத்தான் பாதியில விட்ட. இங்கயாவது இருக்கிற இடம் தெரியாம இரு” என்றாள். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். குரல் வரவில்லை. மறுநாளிலிருந்து நான் போகவில்லை. இங்கே யாரும் என்னை வாசிக்கச் சொல்வதில்லை. உப்புத்தாளுக்குக் குரல் வேண்டாம்.

மாலையில் அத்தான் வந்து, “அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் மெழுகு அழுத்தித் தேச்சுடு, கறுப்பு வராது” என்றார். வார்ப்புக் கோடு என்றால் எதற்கு மெழுகு?

தேய்த்தேன். கோடு தெரியவில்லை.

மார்ச் 7, சனி

பார்சல் அக்கா தன் மகளோடு வந்தார். ஏழு வயது இருக்கும். ஹெல்மெட் மூக்குவரை இறங்கியிருந்தது. யாரும் சொல்லாமலே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். சொல்லேன், சொல்லேன்டி – தொண்டை அதே ஒன்பதாம் வகுப்புத் தொண்டை.

வண்டி ஸ்டாண்டிலிருந்து இறங்கியது. நான் போய் முன்சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

“ஏய், எழுந்திரு! என்ன விளையாட்டு இது?” – அத்தான்.

மண்ணெண்ணெய்த் துணியால் மெழுகைத் துடைத்தேன். பார்சல் அக்காவின் கையைப் பிடித்து இழுத்து அங்கே வைத்தேன். “நகத்த வெச்சு ஓட்டிப் பாருங்கக்கா.”

ஓட்டினார். மறுபடி ஓட்டினார். எழுந்து, மகளைச் சீட்டிலிருந்து இறக்கினார். “இது என்னங்க?”

“அது வார்ப்புல...” என்று ஆரம்பித்த அத்தான் வண்டியை மறுபடி ஸ்டாண்டில் ஏற்றினார்.

அவர்கள் நடந்தே போனார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

அத்தான் பேசவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

அக்கா பேசுகிறாள். அதற்கு அத்தானே பரவாயில்லை. “ஊர்ல இருக்கிறவங்ககிட்ட எல்லாம் வராத வாய், உங்க அத்தான் மானத்த வாங்க மட்டும் வருதா?”

பசை, உப்புத்தாள் எல்லாம் அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. இனி எனக்கு வீட்டுக்குள்தான் வேலையாம். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பாத்திரம் எல்லாம் தேய்த்தேன், கதவுக் கைப்பிடி தேய்த்தேன், குழாயைத் தேய்த்தேன். “விட்டா என்னையும் தேச்சுடுவ” என்றாள் அக்கா. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அத்தானிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமோ? ஆள் முன்னால் சொன்னது தப்புதானோ? தனியாகச் சொல்லத்தான் இரண்டு நாள் இருந்ததே. விரலை வைத்துக்கொண்டு நின்றதெல்லாம் சொன்னதாகுமா?

மார்ச் 15, ஞாயிறு

வாசலில் ஹாரன். பார்சல் அக்கா. வேறு யாரோ விற்கும் வண்டியை ஒரு நாள் ஓட்டிப் பார்க்க வாங்கி வந்திருக்கிறார். அத்தானிடமே கேட்டார்: “நகத்த வெச்சுப் பாக்கச் சொன்ன பொண்ணு இருக்குதுங்களா?”

எனக்கு உள்ளே கேட்டது. அத்தான் ஏதோ நட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். அதை முடுக்கி முடித்தார். அப்புறம் திரும்பாமலே, “உள்ள இருக்கா. கூப்பிடுங்க” என்றார்.

வெளியே வந்தேன். அந்த விரிசல் வண்டி மூலையில், முன்சக்கரம் இல்லாமல் கட்டைமேல் நின்றது. எப்போது கழற்றினார் என்று தெரியவில்லை. அலமாரிச் சாவி பெஞ்சின்மேல் கிடந்தது.

பார்சல் அக்கா கொண்டுவந்த வண்டியின் ஹப்பில் விரல் தடிமனுக்கு அழுக்கு. வண்டி நிழலில் நின்றது. இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

“வெளிச்சத்துக்குத் தள்ளுங்க” என்றேன்.