வேறு குடும்பத்துக்குச் சொல்வீர்களா?

விசுவமடு
12.02.2025

அன்புள்ள தங்கச்சி சிவதர்சினிக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். எங்கள் சுகத்தைத்தான் உங்கள் ஆய்வுக் கேள்வித்தாள் கேட்கிறதே!

மகன் விதுசன் ஆஸ்பத்திரி உளநல விடுதியில் இருந்த நாட்களைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் ‘மிக நன்று’ என்று புள்ளடி போட்டிருக்கிறேன். பொய்யில்லை. டொக்டர் நல்லவர், மருந்தும் பிடித்தது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையை வளர்ந்த ஆண்களுக்கு நடுவே ஒரு கட்டிலில் விட்டுவிட்டு, “ஆம்பிளையளின்ர வாட், அம்மா நிக்கேலாது” என்று என்னை வெளியே அனுப்பினார்களே, அதைக் கேட்க ஒரு கேள்வியும் இல்லையே! தகப்பனில்லாத பிள்ளைக்கு யார் துணை நிற்பது? அதை ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

‘இந்த விடுதியை வேறு குடும்பத்துக்குப் பரிந்துரைப்பீர்களா?’ என்ற கடைசிக் கேள்வியை விட்டுவிட்டேன். யாருக்குச் சொல்ல? ஊரில் அவனுக்கு டெங்கு என்றல்லவா சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பிரேமிளா

வவுனியா
03.03.2025

அன்புள்ள பிரேமிளா அக்காவுக்கு,

தாள் கிடைத்தது, நன்றி. ஓரத்தில் எழுதியதைக் கணினியில் ஏற்ற வழியில்லை, அக்கா. கடைசிக் கேள்விதான் எங்கள் ஆய்வுக்கு முக்கியம். அது வெறுமையாக இருந்தால் முழுத்தாளையும் ஒதுக்கிவிடுவார்கள். அடுத்த கிழமை நேரில் வருகிறேன், பேசி நிரப்புவோம்.

அன்புடன்,
சிவதர்சினி

விசுவமடு
19.03.2025

சிவதர்சினிக்கு,

நான் வயலில் நின்ற நேரம் வந்திருக்கிறீர்கள். சந்திக் கடையில் வாகனத்தை நிறுத்தி, “மனநல வாட்டில இருந்த பெடியன்ர வீடு எது?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஐயோ, அப்படிக் கேட்க உங்களுக்கு வாய் எப்படி வந்தது! இப்போது கடைக்குப் போனால், “டெங்கு சுகமோ, பிரேமிளா?” என்று சிரிக்கிறார்கள்.

விதுசன் அறைக்குள்ளேயே கிடக்கிறான். பள்ளிக்கூடமும் இல்லை, கிளினிக்கும் இல்லை. “எல்லாரும் என்னைத்தான் பாக்கினம், அம்மா” என்கிறான். விடுதியில் பட்டதைவிட உங்கள் ஆய்வால் பட்டதுதான் அதிகம். இனி எழுத வேண்டாம்.

பிரேமிளா

வவுனியா
02.04.2025

அக்கா,

வேண்டாம் என்றீர்கள், எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆய்வுக்கு வந்தவர்களின் பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. பெயரை மறைக்கப்போய் நோயைச் சொல்லிவிட்டேன். பிழை என்னுடையதுதான். கிழிக்கச் சொன்னால் உங்கள் தாளைக் கிழித்துவிடுகிறேன்.

சிவதர்சினி

விசுவமடு
11.05.2025

தங்கச்சி,

கிழிக்க வேண்டாம். அதற்காகக் கோபம் தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

நேற்று நெடுங்கேணியிலிருந்து ரஜிதா என்று ஒரு தாய், முன்பின் தெரியாதவர், மகன் மதுசனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கடைக் கதை அவ்வளவு தூரம் போயிருக்கிறது. “என்ர பிள்ளையும் இப்பிடித்தான், அக்கா. எங்க கொண்டுபோறது?” என்று அழுதார். எனக்கு வந்த ஆத்திரத்தில், அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அறைக் கதவு திறந்தது. விதுசன் வந்து மதுசனுக்குப் பக்கத்தில் இருந்தான்.

“யன்னல் பக்கக் கட்டிலைக் கேள். பின்னேரம் அம்மாவைப் போகச் சொல்லுவினம். பயப்பிடாத. யன்னலால பாத்தா வாசல் மரத்தடி தெரியும். என்ர அம்மா போகேல்ல, அதிலதான் நிண்டவா. உன்ர அம்மாவும் நிப்பா.”

நான் நின்றதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்று போடுங்கள். பதில் விதுசனுடையது. ஓரத்தில் எழுதியதை உங்கள் கணினி வாசிக்காவிட்டால், நீங்களாவது உங்கள் பெரியவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். அந்த மரத்தடியில் நாளைக்கு ரஜிதா நிற்பார்.

பிரேமிளா