ஏழாம் தடத்தில் இன்று பஸ் வராது

நவம்பர் 12, செவ்வாய்

காலை ஆறு மணிக்குத்தான் எழுந்தேன். ஹால்வர் பள்ளி மாவட்டத்துக்கு சூப்பரின்டென்டென்ட் ஆனதிலிருந்து பதினோரு குளிர்காலம் நாலு மணிக்கே எழுந்து, காரை எடுத்துக்கொண்டு பனியில் பஸ் ஓடுமா என்று ரோடு ரோடாகப் போய்ப் பார்த்து, ஐந்து மணிக்குள் இன்று பள்ளி உண்டா இல்லையா என்று சொல்லி வந்திருக்கிறேன். உண்டு என்றால் பாதிப் பேர் திட்டுவார்கள். இல்லை என்றால் மீதிப் பேர்.

இன்றிலிருந்து அந்த வேலை ப்ரெண்ட் ஸ்கோக்லண்டின் செயலிக்கு. ப்ரெண்ட் என்னிடம் ஏழாம் வகுப்பில் கணக்குப் படித்தவன். எட்டு பஸ் தடங்களிலும் சென்சார் கம்பம் நட்டிருக்கிறான். காற்று, குளிர், ரோட்டின் வழுக்கல், கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்பது வரை கம்பங்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. செயலி அதைப் பார்த்து ஒவ்வொரு தடத்துக்கும் தனியாக முடிவெடுத்து, 5:15க்குள் அந்தந்தப் பெற்றோரின் போனுக்குச் செய்தி அனுப்பிவிடும். ஒரு மூலையில் காற்றடித்தால் ஊர் முழுக்க லீவு விட வேண்டியதில்லை. பள்ளி நிர்வாக போர்டில் ஏழு பேரும் கை தூக்கினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

மிச்சமான இரண்டு மணி நேரத்தில் ஃபிரிட்ஜைக் கழுவினேன். சந்தோஷமாக இருக்கிறேனா? சொல்லத் தெரியவில்லை.

நவம்பர் 26

முதல் பனி. எல்லாத் தடமும் ஓடின. கடையில் தபால்காரர் பிடித்துக்கொண்டார்: "என்ன மார்லிஸ், இனிமே யாரைத் திட்டறது நாங்க? போனையா திட்ட முடியும்?" சிரித்தேன். வீடு வந்து சேரும் வரை அந்தக் கேள்வி கூடவே வந்தது.

டிசம்பர் 11, புதன்

இன்று நான்காவது தடவை. மற்ற ஏழு தடங்களும் ஓட, ஏழாம் தடம் மட்டும் ரத்து.

அதை இருபத்தெட்டு வருடமாக ஓட்டும் டுவெய்ன் ப்ராட்டன் காபிக் குவளையோடு என் அறைக்கு வந்து உட்காராமல் நின்றார்.

"மேடம், ரோடு துடைச்சு விட்ட மாதிரி சுத்தமா இருக்கு. அந்த சதுப்பு வளைவு ஒண்ணுதான் எப்பவும் காத்து பேய் பிடிச்ச மாதிரி அடிக்கும். கம்பத்தைக் கொண்டுபோய் சரியா அங்கயே நட்டுருக்கானே அந்தப் பையன்."

ப்ரெண்ட்டைக் கூப்பிட்டுக் கேட்டேன். "டீச்சர், எங்க மோசமோ அங்கதான வைக்கணும்? நல்ல இடத்துல வச்சு, வளைவுல பஸ் பள்ளத்துல இறங்கினா?"

டுவெய்ன் சொல்வதும் சரி. இவன் சொல்வதும் சரி. அரை மைல் வளைவுக்காகப் பதினாறு மைல் தடத்தை மூடுகிறோம். ஆனால் அந்த அரை மைலைத் தாண்டாமல் பள்ளிக்கு வர முடியாது. இதில் நான் என்ன சொல்ல?

டிசம்பர் 19

மறுபடியும் ஏழு.

ஜனவரி 8, புதன்

ரோக்ஸான் லெமியூ அலுவலகத்துக்கு வந்தாள். முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட் பார்ப்பவள். சீருடையைக்கூட மாற்றாமல் நேரே வந்திருந்தாள். காலையில் ஏழாம் தடத்து பஸ் பள்ளிக்கு வரும் வழியில் கடைசியாக நிற்கும் வீடு அவளுடையது. மகள் டெலியா, நான்காம் வகுப்பு.

"ஒன்பது நாள் ஆச்சுங்க. ஊருக்கெல்லாம் ஸ்கூல் உண்டு, எம் பொண்ணுக்கு மட்டும் கிடையாது. அஞ்சேகாலுக்கு மெசேஜ் வருது. அஞ்சரைக்கு நான் கிளம்பணும். அந்தக் கால் மணி நேரத்துல யாரைத் தேடுவேன் பாத்துக்க?"

புள்ளிவிவரம் எடுத்துக் காட்டினேன். ஒன்பது நாளும் வளைவில் காற்று இத்தனை, பார்வைத் தூரம் இத்தனை என்று. அவள் தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"'பாதுகாப்பாக வீட்டில் இருங்கள்'னு போடுதே உங்க ஆப்பு. அது யார்கிட்ட சொல்லுது? ஒன்பது வயசுப் பிள்ளை தனியா இருக்கிற வீட்டுக்கா?"

கவனிக்கிறேன் என்றேன். அவள் போன பிறகு ப்ரெண்ட்டுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். கவனித்தது அவ்வளவுதான்.

ஜனவரி 14

ப்ரெண்ட்டின் பதில்: கோடையில் கம்பத்தின் இடத்தைப் பற்றிப் பேசலாம், தரை உறைந்திருக்கிறது, இப்போது தோண்ட முடியாது. நியாயம்தானே. 'நன்றி' என்று பதில் போட்டேன்.

ஜனவரி 21, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

வானம் துல்லியமாக இருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. ஏழாம் தடத்துக்கு மட்டும் 5:14க்கு செய்தி போயிருக்கிறது. பத்து மணிக்கு நான்காம் வகுப்பு ஸ்பெல்லிங் போட்டி. டெலியா வகுப்பில் முதலாவதாக வந்தவள்.

அம்மா வீட்டிலேயே இரு என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். பிள்ளை உடுத்திக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டது.

நடந்து. பள்ளிக்கு இரண்டரை மைல்.

சதுப்பு வளைவில் பனி வாரும் லாரி ஓட்டுநர் கண்டுபிடித்திருக்கிறார். கண்டுபிடித்தார் என்று எப்படிச் சொல்ல? எதிரே பத்தடி தூரத்தில் ஊதாத் தொப்பி ஒன்று தெரிந்ததாம், பிரேக் போட்டாராம். இன்னும் ஒரு நொடி போயிருந்தால்— எழுத வரலை. வேண்டாம்.

ஒரு கையுறை காற்றில் போயிருந்தது. வலது கை மூன்று விரல் குளிரில் உறைந்து மெழுகு மாதிரி.

ஜனவரி 22

ப்ரெண்ட் வந்தான். கண் வீங்கியிருந்தது. மடிக்கணினியைத் திறந்து என் மேஜையில் வைத்தான்.

"கணக்கு தப்பில்ல டீச்சர். பாருங்க. ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு அந்த வளைவுல முப்பதடிதான் தெரிஞ்சிருக்கு. பஸ் போயிருந்தா டுவெய்ன் பதினாலு பிள்ளைங்களோட அங்க இருந்திருப்பார்."

ஆமாம். பஸ் போயிருந்தால் பதினாலு பேருக்கு ஆபத்து. பஸ் போயிருந்தால் அந்தப் பிள்ளை நடந்திருக்காது. இரண்டும் உண்மை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? நேற்றிலிருந்து இதையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன், மண்டை காய்கிறது.

நாலு மணிக்கு நானே எழுந்து போயிருந்தால்? நானும் மூடித்தான் இருப்பேன். ஆனால் மொத்தப் பள்ளியையும் மூடியிருப்பேன். அப்போது போட்டியும் இருந்திருக்காது. அவள் எதற்கு நடக்கப் போகிறாள்?

இது பதிலா, சாக்கா? எனக்கே தெரியல.

ஜனவரி 24, வெள்ளி

மருத்துவமனை. ரோக்ஸான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். டெலியாவின் கை பெரிய பஞ்சுப் பொதிக்குள் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி:

"நான் ஒரு எழுத்தும் தப்பா சொல்லலையே. போகவே இல்லையே. அப்ப நான் தோத்ததா கணக்கா?"

"இல்லம்மா. உனக்காகப் போட்டிய மறுபடி வைப்போம்."

"அப்ப ஜெயிச்சவனுக்கு?"

அவனுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன். அந்தப் பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது போல. தலையாட்டினாள்.

வெளியே வரும்போது ரோக்ஸான், திரும்பாமலே: "ரெண்டு வாரம் முன்னாடி நேர்ல வந்து சொன்னேன். கவனிக்கிறேன்னீங்க."

ஜனவரி 28, செவ்வாய்

போர்டு கூட்டம். மூன்று பேர் கம்பத்தைப் பிடுங்கி எறி என்றார்கள். மூன்று பேர் வேண்டவே வேண்டாம், இயந்திரம் சொன்னபடி நடந்தோம் என்று இருந்தால்தான் வழக்கு வந்தாலும் நம் பக்கம் நிற்கும் என்றார்கள். தலைவர் என் பக்கம் திரும்பினார். "உங்க சிபாரிசு என்ன?"

"தெரியலை" என்றேன்.

பதினோரு வருடத்தில் அந்த அறையில் இந்தச் சொல்லை நான் சொன்னதில்லை. பிறகு தலைவர், பாவம், இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தார். அதுவரை எல்லா முடிவும் என் கையில். நாலு மணி அலாரம் வைக்கப் போனில் தேடினேன். பழைய அலாரம் அப்படியே இருந்தது, அணைத்து வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 1, சனி

டுவெய்னும் ப்ரெண்ட்டும் நானும் காலி பஸ்ஸில் ஏழாம் தடம் முழுக்கப் போனோம். ஊருக்குள் காற்றே இல்லை. வளைவில் பஸ் ஆடியது. ப்ரெண்ட் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பனி மேலிருந்து விழவில்லை, சதுப்பிலிருந்து எழுந்து ரோட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போனது.

"பாத்தியா தம்பி, ஸ்கிரீன்ல இது எப்படித் தெரியும்?" என்றார் டுவெய்ன்.

"சிவப்பா தெரியும்."

டுவெய்னுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பும்போது அவர் வளைவுக்கு முன்பே பஸ்ஸை இடது பக்கம் ஒடித்து, தானியக் குதிர்களுக்குப் பின்னால் போகும் ஒரு சரளைக்கல் ரோட்டில் விட்டார். இரண்டு பக்கமும் அடர்த்தியான மர வரிசை. காற்று எங்கே போனதென்றே தெரியவில்லை. ஒன்பது நிமிடம் கூடுதல். மறுமுனையில் பள்ளிக்குப் போகும் ரோட்டில் சேர்ந்துவிட்டோம்.

"இப்படி ஒரு வழி இருக்கறதை ஏன் சொல்லலை?" நான் கத்தியே விட்டேன்.

"தொண்ணூறுகள்ல இதுலதான் ஓட்டினோம். அப்புறம் டீசல் மிச்சம்னு தடத்தை மாத்தினாங்க. கம்பம் நடும்போது என்னை யாராவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கம்பத்தைக் கேட்டோம். அது நின்ற இடத்தைப் பற்றி அது சரியாகத்தான் சொன்னது.

ப்ரெண்ட் ஜன்னல் வழியாகக் குதிர்களையே திரும்பிப் பார்த்தான். பிறகு, "தரையைத் தோண்ட வேண்டாம். குதிர் சுவர்லயே சென்சாரைக் கட்டிடலாம். செயலிக்கு ரெண்டு வழியும் சொல்லிக் குடுக்கறேன்" என்றான்.

சரி. ஆனால் இரண்டு வழியும் அடைபடுகிற நாள் வருமே? அன்றைக்கு?

பிப்ரவரி 6, வியாழன்

ரோக்ஸான் வந்தாள். மன்னிக்க வரவில்லை என்பதை முகமே சொன்னது. சுண்டு விரலின் நுனி போய்விட்டது, மற்ற இரண்டும் பிழைத்துவிட்டன. அதைச் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏழாம் தடத்துல எத்தனை வீடு?"

"உங்களைத் தவிர பதினொண்ணு."

"மெசேஜ் போய்ச் சேந்துச்சா, இல்லையா, அது உங்க ஆப்புக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"வீட்டுல யாரு இருக்கான்னு தெரியுமா?"

செயலியில் அதற்கு இடமே கிடையாது. அவளே தொடர்ந்தாள்.

"நான் எப்படியும் நாலரைக்கு முழிச்சுத்தான் இருப்பேன். பஸ் இல்லாத நாள்ல அந்தப் பதினோரு வீட்டையும் நான் கூப்பிடறேன். எந்தப் பிள்ளை தனியா இருக்கு, யாரு பக்கத்து வீட்டுக்குப் போகலாம்னு கேட்டு ஏற்பாடு பண்றேன். பட்டியலைக் குடுங்க."

"ரோக்ஸான், நீங்க ஏன்... இது எங்க வேலை."

"உங்க வேலைதான். நீங்க செய்யல. குடுங்க."

ஒவ்வொரு வீட்டிலும் சம்மதம் கேட்டுவிட்டுத் தருவதாகச் சொன்னேன். "நாளைக்குள்ள" என்றாள். இன்றே பதினோரு வீட்டையும் கேட்டுவிட்டேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. ஒரு அப்பா மட்டும், "இதை யாரும் இத்தனை நாள் கேக்கலையே" என்றார்.

அவள் என்னிடம் கோபமாக இருக்கிறாளா, எனக்கு உதவுகிறாளா? இரண்டும் ஒன்றாக இருக்க முடியுமோ?

பிப்ரவரி 11, செவ்வாய்

போர்டு ஒப்புக்கொண்டது. நான்குக்கு மூன்று. செயலி இருக்கும், ஆனால் அதுவாகச் செய்தி அனுப்பாது. 4:40க்குக் கணக்கு என்னிடம் வரும், டுவெய்னிடமும் வரும். முடிவு என் பெயரில் போகும். தப்பானால் என்னைத் திட்டலாம்.

ஏனோ லேசாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

பிப்ரவரி 20

வளைவு சிவப்பு, மர வரிசை ரோடு பச்சை. டுவெய்ன் சுற்றுவழியில் ஓட்டினார். ஒன்பது நிமிடம் தாமதம். டெலியா பஸ்ஸிலிருந்து இடது கையால் கம்பியைப் பிடித்து இறங்கினாள்.

பிப்ரவரி 25

ப்ரெண்ட்டின் கணக்கு எட்டாம் தடம் போகலாம் என்றது. எனக்கு மனசு ஒப்பவில்லை, மூடினேன். நாள் முழுக்க ஒரு பனித்துகள் விழவில்லை. பன்னிரண்டு பேர் போனில் திட்டினார்கள். கணக்கை நம்பியிருக்க வேண்டுமோ? எப்போது நம்புவது, எப்போது நம்பாமல் இருப்பது என்று யாராவது எழுதி வைத்திருந்தால் தேவலை.

மார்ச் 5, புதன்

நிஜமான பனிப்புயல். எட்டுத் தடமும் சிவப்பு, சுற்றுவழியும் சிவப்பு. கணக்கைப் பார்க்கவே தேவையில்லை, ஜன்னலுக்கு வெளியே என் கார் தெரியவில்லை. 4:50க்கு மொத்தப் பள்ளிக்கும் லீவு அறிவித்தேன்.

5:10க்கு என் போன் அடித்தது. ரோக்ஸான்.

"ஏழாம் தடத்துல இன்னிக்கு பஸ் வராதுங்க."

"தெரியும் ரோக்ஸான், நாந்தான அறிவிச்சேன்!"

"தெரியும். உங்க வீடும் இந்த ரோட்டுலதான இருக்கு. பன்னெண்டாவதா நாந்தான் சேத்துக்கிட்டேன்." காகிதம் சலசலக்கும் சத்தம். "வீட்டுல யாரு இருக்கா உங்ககூட?"

இந்த வீட்டில் ஆறு வருடமாக யாரும் இதை என்னைக் கேட்டதில்லை.

"யாருமில்ல" என்றேன்.

"சரி. வெளிய கிளம்பாதீங்க. பத்து மணிக்கு மறுபடி கூப்பிடறேன்."

பத்து மணிக்குக் கூப்பிட்டாள்.