பூநாரை பறந்தபோது

தை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

வேங்கிக்காலிலிருந்து தெருக்காரர்களோடு வேனில் மரக்காணம் கழுவெளி ஏரிக்குப் பறவை பார்க்கப் போய் வந்தோம். தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. அவை பறக்கும்போதுதான் அழகு என்று எல்லோரும் காத்திருந்தோம்.

பார்த்த பறவையின் பெயரை எழுத அங்கே ஒரு நோட்டு வைத்திருந்தார்கள்.

"தாத்தா, நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றார் வாட்ச்மேன்.

"எனக்கே எழுத வரும்பா" என்று பேனாவை வாங்கினேன். முதியோர் வகுப்பில் ஆறு மாதம் சும்மாவா உட்கார்ந்தேன்?

'பூநா' வரை வந்திருப்பேன். பக்கத்தில் ஒரே கூச்சல். எழுத்தைப் பாதியில் விட மனம் வரவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தேன். தண்ணீரும் காலி, வானமும் காலி.

"இன்னாயா, இதுக்கா இம்மாந்தூரம் வந்த?" என் மனைவி குப்பு தலையில் அடித்துக்கொண்டாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

"நீ பார்த்த இல்ல? எப்படி இருந்துச்சு சொல்லு."

"ரெக்கைக்குள்ள மருதாணி வச்ச மாதிரி செவப்பு."

நோட்டை மறுபடியும் வாங்கி, பூநாரைக்குக் கீழே எழுதினேன்: 'பறந்ததைப் பார்த்தது குப்பு. சிறகுக்குள் மருதாணிச் சிவப்பு.' டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் அவசரப்படவில்லை.

பறந்ததைப் பார்க்காதது இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் படிக்கத் தெரியாத குப்பு, நான் காட்டிய தன் பெயரை விரலால் தொட்டு, "இதுவா நானு?" என்று கேட்டதை நான் பார்த்தேன்.