எட்டாவது மூடி

பிப்ரவரி 9

என் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். நாலு வரிக்குள் விரல் மரத்துப்போகிறது. ஆனால் யாரும் எழுதித் தரவில்லை, நானே எழுதுகிறேன். இன்னொரு தடவை படி: நானே!

போன வருஷம் வரை எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தினமும் செய்தித்தாளை விரித்தேனே, படம் பார்த்தேன். "நீ வாசி, உச்சரிப்பு சரியான்னு பாக்கறேன்" என்று உன் மார்க் ஷீட்டை உன்னையே வாசிக்க வைத்ததும் அதனால்தான். உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவள் போன பிறகு உன் இசைத்தட்டும் கடிதமும் வந்தன. யாரிடம் படிக்கக் கொடுத்தாலும் குட்டு உடைந்துவிடும். அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஆறு வருஷம்.

போன வாரம் எடுத்து எழுத்துக் கூட்டினேன். 'மெஷின் சத்தத்துக்குச் சங்கீதம் என்று பெயரா என்றீர்களே, இதைக் கேளுங்கள். பிடித்தால் ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டால் இனித் தொந்தரவு செய்யமாட்டேன்.'

ஐயோ, மகளே.

தட்டின் உறையில் அச்சடித்திருந்ததையும் விடவில்லை. டெக்னோ என்கிற இந்த மெஷின் இசை பிறந்தது கார் தொழிற்சாலை ஊரிலாம். ஹவுஸ் என்கிற இன்னொரு வகைக்கு, 'வேர்ஹவுஸ்' என்ற கிடங்கில் நடந்த ஆட்டத்திலிருந்து பெயர் வந்ததாம். பழைய சாமான் கடைக்குப் போன தாளக் கருவிகளை எடுத்து வாசித்தார்களாம். கடைசி வரி: 'தாளம்: அப்பாவின் மெஷின்.'

நான் எழுத்துப் படிக்கும் முதியோர் வகுப்பில் டீச்சரம்மா உன் தட்டைப் போட்டார். தும், ஸ்ஸ், தும், ஸ்ஸ். பாட்டிலுக்கு மூடி அழுத்தும் சத்தம், காற்று விடும் சத்தம். எட்டாவது மூடிக்கு ஒரு தடுக்கல்! சூப்பர்வைசரிடம் முப்பது வருஷம் எனக்குத் திட்டு வாங்கித் தந்த அதே தடுக்கல். "என் மெஷின்!" என்று கத்திவிட்டேன். கூடப் படிக்கும் சலூன்காரர், "பெரியவரே, கத்தாதீங்க, ஆட விடுங்க" என்றார்.

பிடித்திருக்கிறது. இதுதான் அந்த ஒரு வரி.

உன் அப்பா

பிப்ரவரி 21

அன்புள்ள அப்பா,

முதலில் கோபம்தான் வந்தது. என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? பிறகு உங்கள் கோணல் எழுத்தைப் பார்த்துப் பார்த்து அழுதேன்.

நானும் ஒன்றை மறைத்தேன். பதினாறு வயதில், உங்கள் சாப்பாட்டுப் பைக்குள் டேப் ரெக்கார்டரை ஒளித்துக் கம்பெனிக்குக் கொண்டுவந்து உங்கள் மெஷின் சத்தத்தைப் பதிவு செய்தேன். "அந்தத் தடுக்கலை வெட்டிடு" என்று ஸ்டூடியோவில் எல்லோரும் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். ஜனங்கள் ஆடுவதே அந்த இடத்துக்குத்தான்.

அடுத்த மாதம் உங்கள் ஊரில் வாசிக்கிறேன். மாலை ஐந்து மணி. முன்வரிசையில் இருங்கள்.

உங்கள் வாலு

மார்ச் 19

வாலு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? இங்கே என் முழங்கால் இன்னும் வலிக்கிறது. வலிக்கட்டும்! அறுநூறு பேர் எட்டாவது மூடிக்குக் கையைத் தூக்கினார்களே, நான் ஏழாவதிலேயே தூக்கிவிட்டேன். எனக்குத்தானே முன்கூட்டியே தெரியும்.

சூப்பர்வைசரை அழைத்தது யார் என்று கேட்டாய். நான்தான், என் கையால் எழுதி. ஊன்றுகோலோடு ஆடிக்கொண்டே என் காதில் கேட்டார், "ஏய்யா, அதைக் கடைசி வரைக்கும் நீ ரிப்பேர் பண்ணவே இல்லையா?"

"இல்லீங்க. நல்லவேளை!"

சுவரொட்டியை வாசல் கதவில் ஒட்டியிருக்கிறேன். போகிறவர் வருகிறவரை நிறுத்தி, உன் பெயரை நானே வாசித்துக் காட்டுகிறேன்.

விரல் ஓய்ந்துவிட்டது. அடுத்த வாரம் தபால்பெட்டியைத் திறந்து பார், என் கடிதம் இருக்கும். இனி உன்னைக் காக்க வைக்கமாட்டேன்.

உன் அப்பா
(கையெழுத்து, கைநாட்டு அல்ல)