ரெட்டைப்படை வசனம்

வேங்கிக்கால்
12.8.1996

கர்த்தருக்குள் அன்பான உங்களுக்கு,

மூட்டுவலிக்குக் குடுத்த மாத்திரைய விடாம சாப்பிடறீங்களா? கீழ்பென்னாத்தூர்ல உங்க அண்ணன் வீட்ல எல்லாரும் சுகமா?

நம்ம எப்சிபாவ அடக்கம் பண்ணிட்டுக் கல்லறையிலேர்ந்து திரும்பின அன்னிக்கே வேதப்புத்தகத்த அலமாரியில வச்சுட்டுப் போயிட்டீங்க. பாஸ்டர் எப்ப வருவாருனு சபைக்காரங்க கேக்கறாங்க. நீங்க அண்ணன் வீட்ல இருக்கீங்கனு சொல்லி அனுப்பிடறேன்.

சாயங்கால ஜெபத்த மட்டும் நான் விடல. அதே தொண்ணூத்தி ஒண்ணாம் சங்கீதம்தான். ஒத்தப்படை வசனத்த நான் வாசிப்பேன். ரெட்டப்படை எப்சிபாவோடது இல்லியா, அப்ப சும்மா இருப்பேன்.

பக்கத்து வீட்டுக்குப் புதுசா வந்த தங்கம்மாள் நேத்து கறிவேப்பில கேட்டு வந்தாங்க. ஜெபம் முடியட்டும்னு வெளியவே நின்னிருக்காங்க. அப்புறம், "உங்க பொண்ணு எவ்ளோ தெளிவா வாசிக்குதுங்க, எந்த ஸ்கூலு?"னு கேட்டாங்க.

எனக்கு மட்டும்தான் கேக்குதுனு நெனச்சிருந்தேன்.

வசனம் வெறுமையாத் திரும்பாதுனு நீங்கதான பிரசங்கம் பண்ணுவீங்க. அத நான் இப்ப முழுசா நம்பறேன். பயமெல்லாம் இல்ல.

ஆனா பதினஞ்சாவது வசனத்தோட புத்தகத்த மூடிடறேன். கடைசி வசனம் அவளோடது, நீடிச்ச ஆயுசத் தருவேன்னு வருமே, அது. அவ வாசிச்சிட்டா நான் ஆமென் சொல்லணும். ஆமென் சொல்ற வரைக்கும் பாய விட்டு எழுந்திருக்கக் கூடாதுனு நீங்கதான் அவளப் பழக்கினீங்க. நேத்து வெளக்கு ஏத்தி ரொம்ப நேரம் ஆகியும், எதிர்ல பாய் அமுங்கினபடியே இருந்துச்சு.

நீங்க வந்தா சங்கீதத்த முழுசா வாசிச்சு ஆமென் சொல்லிடுவீங்க. அதனால இப்போதைக்கு வராதீங்க.

இப்படிக்கு,
நாங்க ரெண்டு பேரும்